வேல்ஸ்ல காஸ்டெல் அ பெரெ கோட்டை பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? பசங்களோட போனா வொர்த்தா?

கோவன்ட்ரி_வாசி:

வணக்கம் மக்களே. ஆகஸ்ட் கடைசில நாலு நாள் வேல்ஸ் போறோம், டவின் பக்கத்துல ஒரு காட்டேஜ் போட்டாச்சு. பையனுக்கு ஒம்பது வயசு, கோட்டைப் பைத்தியம். வாரிக், கெனில்வொர்த், கான்வி எல்லாம் முடிச்சாச்சு, கான்வில ஊர்ச்சுவத்து மேல சுத்தி சுத்தி நடந்து எனக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். இப்ப மேப்ப நோண்டிட்டு இருந்தப்ப நாங்க தங்குற இடத்துலேர்ந்து உள்ள தள்ளி ஒரு பள்ளத்தாக்குல காஸ்டெல் அ பெரென்னு ஒண்ணு காட்டுது, டிக்கெட்டும் கிடையாதாம்.

ஆனா போட்டோவுல பாத்தா பெருசா ஒண்ணும் தெரியல. ஒரு பாறை மேல இடுப்பு உயரத்துக்கு கல்லு சுவரு, நடுவுல புல்லு, பின்னாடி மலை, அவ்ளோதான். வீட்டுக்காரி பாத்துட்டு "இது கோட்டையா, இல்ல காசில்லாம அஸ்திவாரத்தோட நிறுத்துன வீடா"ன்னு கேட்டுட்டா. எனக்கும் அந்த டவுட்டு இருக்கு. கான்வி, கார்நார்வன் எல்லாம் எழுநூறு வருஷம் தாண்டியும் கம்பீரமா நிக்குது, இது மட்டும் ஏன் இப்படி தரைமட்டமா கிடக்கு, யாரு இடிச்சா? அப்புறம் பாறை ஓரமெல்லாம் எப்படி, சின்னவளுக்கு அஞ்சு வயசு, ஓடிக்கிட்டே இருப்பா. கார் நிறுத்த இடம், டாய்லெட் இதெல்லாம் உண்டா? பேரை எப்படி சொல்றதுன்னும் யாராச்சும் சொல்லுங்க, நான் சொன்னத கேட்டு காட்டேஜ்காரர் சிரிச்சுட்டாரு.

லீசெஸ்டர்_அக்கா:

தம்பி நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம் போனோம். உண்மைய சொல்லணும்னா மொதல்ல எனக்கும் ஏமாத்தமாதான் இருந்துச்சு, கார்லேர்ந்து எறங்கி பாத்தா கோட்டையே கண்ணுல படல, மரமும் பாறையும்தான். ஒரு கேட்ட தொறந்துட்டு மரத்துக்கு நடுவுல ஏறணும், மெதுவா நடந்தாலும் பத்து நிமிஷம் ஆகாது. மேல போனதும் தான் விஷயமே. அந்த பாறை, பள்ளத்தாக்குக்கு நடுவுல ஒரு கப்பல் கவுந்து கிடக்குற மாதிரி நீளமா தனியா நிக்குது, அதோட முதுகு மேல கோட்டை. பாறை எப்படி வளையுதோ சுவரும் அப்படியே வளைஞ்சு போகுது, ஒரு மூலை கூட நேரா இல்ல. நாங்க இருந்த ஒரு மணி நேரத்துல எங்கள தவிர ஒரு வயசான ஜோடி, அவங்க நாய், மத்தபடி ஆடுங்க. கான்வில க்யூல நின்னத நெனச்சா இது சொர்க்கம்.

சின்னவளை மட்டும் கைய விடாதீங்க. சுவரு பல இடத்துல முழங்கால் உயரம்தான், அந்த பக்கம் செங்குத்தா எறங்குது. மழை பெஞ்சா கல்லு வழுக்கும். டாய்லெட் அங்க ஒண்ணும் கிடையாது, வர்ற வழியிலேயே முடிச்சுட்டு வாங்க. சாப்பாடும் கட்டிட்டு போயிடுங்க, கடை கண்ணி எதுவும் பக்கத்துல இல்ல.

ஹார்லெக்_ரசிகன்:

நான் நேரா சொல்லிடுறேன், பையன் கோட்டைப் பைத்தியம்னா ஹார்லெக் கூட்டிட்டு போங்க ப்ரோ. டவின்லேர்ந்து ட்ரெயின்லயே போகலாம், கடலோரமாவே போற லைன், ட்ரெயினுக்கே தனியா காசு குடுக்கலாம். ஹார்லெக் 1283ல ஆரம்பிச்சு ஏழு வருஷத்துக்குள்ள முடிச்சது, ரெண்டு பெரிய உருண்டை கோபுரத்தோட வாசல், பாத்தவுடனே கோட்டைன்னு தெரியும். இந்த பெரெ எல்லாம் ஹிஸ்டரி படிச்சவங்க போய் "ஆஹா இங்கதான் அந்த சுவரு இருந்திருக்கும்"னு கண்ண மூடிட்டு ரசிக்கற இடம். ஒம்பது வயசு பையனுக்கு அஸ்திவாரத்த காட்டி என்ன பண்றது. இங்கிலாந்து ராஜா எட்வர்ட் வேல்ஸ ஜெயிச்சதும் உடைச்சு போட்டுட்டாரு, அதான் ஒண்ணும் மிச்சமில்ல.

பழைய_சுண்ணாம்பு:

ஹார்லெக் சார், கடைசி வரி தப்பு. எட்வர்ட் உடைக்கல, ரிப்பேர் பண்ணி வெச்சுக்கிட்டான். கோட்டைய மட்டும் இல்ல, பக்கத்துல ஒரு ஊரே உண்டாக்கி 1284ல அதுக்கு பரோன்னு (தனி உரிமையுள்ள ஊருன்னு) பட்டயமும் குடுத்தான். அந்த ஊரு எங்க இருந்துச்சுன்னு இப்ப தேடினா புல்லுதான் இருக்கு.

கோவன்ட்ரி, நீங்க கேட்ட கேள்விக்கு பதில் கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து படிங்க. கான்வி, ஹார்லெக், கார்நார்வன், போமாரிஸ் எல்லாம் இங்கிலாந்து ராஜா வேல்ஸ்காரன அடக்கறதுக்கு கட்டுனது. சவாய் பக்கத்துலேர்ந்து ஜேம்ஸ்னு ஒரு பெரிய மேஸ்திரிய கூட்டிட்டு வந்து, நாடு முழுக்க கூலியாள் திரட்டி, தண்ணி மாதிரி காச செலவு பண்ணி கட்டுனது. காஸ்டெல் அ பெரெ அப்படி இல்ல, அது வேல்ஸ் இளவரசன் தனக்காக கட்டிக்கிட்டது. அதுதான் முக்கியமான வித்தியாசம். அதனாலதான் சின்னது, அதனாலதான் பாறைக்கு ஏத்த மாதிரி கோணல் மாணல்.

கட்டுனவர் லெவெலின், பெரிய லெவெலின்னு சொல்லுவாங்க, வடக்கு வேல்ஸோட ராஜா மாதிரி. அவருக்கு க்ரிஃபித்னு மூத்த பையன். இந்த மெய்ரியோனித் சீமை அவன் கையில இருந்துச்சு. அப்பனுக்கும் மகனுக்கும் தகராறாகி 1221ல அப்பன் சீமைய பிடுங்கிக்கிட்டு அங்க ஒரு கோட்டை கட்ட ஆரம்பிச்சார்னு அவங்க பழைய வருஷக்குறிப்புல இருக்கு. கோட்டை பேரு போடல, ஆனா இதுதான் அதுன்னு எல்லாரும் ஏத்துக்கிட்டாச்சு. அதாவது இங்கிலாந்துக்காரனுக்கு பயந்து கட்டல சார், பெத்த மகன்கிட்டேர்ந்து எடுத்த நிலத்த பிடிச்சு வெச்சுக்க கட்டுனது. அந்த க்ரிஃபித்தோட முடிவும் பரிதாபம், 1244ல லண்டன் டவர்ல அடைச்சு வெச்சிருந்தாங்க, படுக்கை துணிய முடிஞ்சு கயிறாக்கி ஜன்னல் வழியா எறங்க பாத்தான், கயிறு அறுந்து விழுந்து செத்தான். அன்னைக்கு மார்ச் 1, வேல்ஸ்காரங்களோட செயின்ட் டேவிட்ஸ் டே.

இப்ப கேளுங்க. 1282 டிசம்பர்ல இதே க்ரிஃபித்தோட பையன், அவனும் லெவெலின் தான், வேல்ஸோட கடைசி இளவரசன், சண்டையில செத்துப்போனான். அவன் தம்பி டாவித் மிச்ச ஆளுங்கள வெச்சுக்கிட்டு மலைக்குள்ள ஓடிக்கிட்டே எதிர்த்தான். இந்த டாவித் ஒண்ணும் நல்லவன் இல்ல, அதுக்கு முன்னாடி அண்ணன விட்டுட்டு எட்வர்ட் பக்கம் போனவன், அப்புறம் எட்வர்டயும் எதிர்த்து 1282 மார்ச்ல ஹவார்டன் கோட்டைய ராத்திரியில தாக்கி சண்டைய ஆரம்பிச்சதே அவன்தான். கடைசி கடைசியா வேல்ஸ்காரன் கையில எஞ்சி நின்ன கோட்டைங்கள்ல இந்த பெரெயும் ஒண்ணு. 1283 ஏப்ரல்ல எட்வர்டோட தளபதி வில்லியம் டி வேலன்ஸ் மூவாயிரம் பேரோட வந்து வளைச்சு, பத்து நாள்ல, ஏப்ரல் 25ஆம் தேதி கோட்டை சரணடைஞ்சிருச்சு. டாவித் உள்ள இல்ல, தப்பிச்சு வடக்க போயிட்டான், ஜூன்ல பிடிபட்டான்.

மகன்கிட்டேர்ந்து பிடுங்கின மண்ணுல தாத்தா கட்டுன கோட்டை, அந்த மகனோட பிள்ளை காலத்துல கைய விட்டு போச்சு. அறுவத்திரெண்டு வருஷம். நான் அங்க போனப்ப எனக்கு சுவரு உயரம் கண்ணுல படவே இல்ல, இதுதான் மண்டையில ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கோவன்ட்ரி_வாசி:

ஐயா செம்ம, ரெண்டு டீ ஆச்சு. ஆனா அப்ப யாருதான் இடிச்சது?

பழைய_சுண்ணாம்பு:

அத சொல்ல மறந்துட்டேன் பாருங்க. 1294ல மாடோக் அப் லெவெலின்னு ஒருத்தன் தலைமையில வேல்ஸ் முழுக்க கலகம். கார்நார்வனையே பிடிச்சு எரிச்சாங்க. பெரெயும் அப்ப முற்றுகையில மாட்டுச்சு, அங்க தோண்டுனப்ப தீ பிடிச்ச தடம் கிடைச்சிருக்கு. அதுக்கப்புறம் யாரும் திரும்பி வரல. கடலோரத்துல கப்பல்ல அரிசி பருப்பு (சரி, கோதுமை) கொண்டு வந்து எறக்கற மாதிரி கான்வி, ஹார்லெக் எல்லாம் கட்டி வெச்சாச்சு, அப்புறம் மலைக்குள்ள ஒளிஞ்சு கிடக்குற இத யாரு காசு போட்டு பாத்துக்கறது. விட்டுட்டாங்க. ஆக பொறந்ததுலேர்ந்து மொத்தம் எழுவத்தி சொச்சம் வருஷம்தான் ஆயுசு. மிச்சத்த மழையும், மரவேரும், வீட்டுக்கு கல்லு தேவைப்பட்டவங்களும் பாத்துக்கிட்டாங்க. 1850கள்ல அந்த பக்கத்து ஜமீன்தார் வின் துரை மண்ண தோண்டி எடுக்கற வரைக்கும் ஒரு மேடு மாதிரிதான் கிடந்திருக்கு. தோண்டுனா அருமையா செதுக்குன கல்லெல்லாம் வந்துச்சு, அதாவது லெவெலின் ஏனோதானோன்னு கட்டல, நல்ல சிற்பிய வெச்சு அழகு பாத்துதான் கட்டியிருக்கார்.

பையனுக்கு ஒரு வேலை குடுங்க. அங்க கோபுரங்களோட அஸ்திவாரம் தெளிவா தெரியும். தெக்கு கோபுரத்தையும் வடக்கு கோபுரத்தையும் அவன அளந்து வரைய சொல்லுங்க, ரெண்டுமே இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி இருக்கும், ஒரு பக்கம் வளைவு, பின்னாடி தட்டை. வேல்ஸ்காரங்க கோட்டைக்கு இது கையெழுத்து மாதிரி. சதுர கோபுரம்னா உள்ள ரூம் நல்லா வரும், ஆனா மூலைய எதிரி குடைஞ்சு சாய்ச்சுடுவான், மூலைக்கு அந்த பக்கம் நிக்கறவன மேலேர்ந்து பாக்கவும் முடியாது. உருண்டையா கட்டுனா அந்த தொல்லை இல்ல, ஆனா உள்ள கட்டில் போட்டா கூட சுவத்தோட ஒட்டாது. இவங்க ரெண்டையும் ஒட்ட வெச்சுட்டாங்க, எதிரிய பாக்குற பக்கம் வளைவு, வீட்டு பக்கம் தட்டை. தெக்கு கோபுரம் மொதல்ல மெயின் கோட்டையோட சேராம தனியா நின்னுது, நடுவுல இருக்குற தடிச்ச சுவர எட்வர்ட் ஆளுங்கதான் பின்னாடி போட்டு இணைச்சாங்க. அந்த சுவத்த பையனே கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லாதீங்க.

ஹார்லெக்_ரசிகன்:

சுண்ணாம்பு சார், உடைச்ச மேட்டர் நான் தப்பா சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா கோட்டை பாக்க போறவன் கையில இவ்ளோ பெரிய கதைய குடுத்து அனுப்ப வேண்டியிருக்குன்னா அது கோட்டை நல்லாருக்கா கதை நல்லாருக்கா? ஹார்லெக்குக்கு நான் ஒரு வரி சொல்ல வேண்டாம்.

பழைய_சுண்ணாம்பு:

ஜெயிச்சவன் கட்டுனது தானா பேசும் சார். தோத்தவன் கட்டுனதுக்கு நாலு பேர் சொல்லித்தான் ஆகணும்.

மழைக்கோட்டு:

நான் கேடர் இட்ரிஸ் மலை ஏற ரெண்டு மூணு தடவ போயிருக்கேன், கோட்டைய தாண்டி கொஞ்ச தூரத்துல லான்விஹாங்கல்லேர்ந்து ஒரு பாதை மேல போகுது, நீளமான பாதை, ஆனா அவ்ளோ செங்குத்து இல்ல. 893 மீட்டர். சின்னவளோட வேண்டாம், சும்மா சொன்னேன்.

ரோடு பத்தி. கோவன்ட்ரிலேர்ந்து வர்றீங்கன்னா ஷ்ரூஸ்பரி, வெல்ஷ்பூல் வழியா மலைக்குள்ள வந்து, டால் அ லின் ஏரிய ஒட்டி பி4405 ரோட்டுல எறங்கினா ஆபர்கினோல்வின் ஊரு. அது வரைக்கும் ஒண்ணும் பிரச்சனை இல்ல. அங்கேர்ந்து கோட்டைக்கு போறது ஒத்தையடி ரோடு, ரெண்டு பக்கமும் வேலி உரசும், நடுவுல நடுவுல ஒதுங்க இடம் விட்டிருப்பாங்க. எதிர்ல ட்ராக்டர் வந்தா நீங்கதான் பின்னாடி போகணும், அதுல கௌரவம் பாக்காதீங்க. நான் ஒரு தடவ இருநூறு அடி ரிவர்ஸ்ல போயி கண்ணாடிய வேலியில தேச்சுட்டேன். கோட்டைக்கு கீழ சின்னதா ஒரு கார் பார்க் இருக்கு, காலைல சீக்கிரம் போயிடுங்க. போன் சிக்னல நம்பாதீங்க, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க.

மேலேர்ந்து கடல் பக்கமா பாத்தா பள்ளத்தாக்கு தரை மேஜை மாதிரி தட்டையா இருக்கும், நடுவுல ஒரு பாறை முகம் சடார்னு எழுந்து நிக்கும், க்ரேக் அர் அடெரின், பறவைப் பாறைன்னு அர்த்தம். நீர்க்காகம் அங்க கூடு கட்டுது. கடல்லேர்ந்து நாலஞ்சு மைல் உள்ள இருக்கு, நீர்க்காகத்துக்கு அங்க என்ன வேலைன்னு யோசிச்சா, ஒரு காலத்துல கடல் அது வரைக்கும் வந்து மோதுச்சாம், தண்ணி வத்தி வயலாகி எத்தனையோ காலமாச்சு, பறவைங்க மட்டும் விலாசத்த மாத்தல. பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு போங்க.

பேரு: காஸ்டெல்னு நாம எழுதறது பாதிதான் சரி. கடைசில ரெண்டு எல் சேர்ந்து வருதே, அது வேல்ஸ்காரங்களுக்கு நம்ம ழ மாதிரி, வெளியாளுக்கு வாயில நுழையாது. நாக்க ல சொல்ற எடத்துல வெச்சுக்கிட்டு குரல் இல்லாம ரெண்டு பக்கமும் காத்த மட்டும் ஊதணும். பெரெ ஈஸி, ரெண்டு எழுத்தையும் சொல்லணும், பியர்னு சொன்னா பப்புக்கு வழி காட்டுவாங்க.

நாசரேத்_பொண்ணு:

ஐயோ இந்த லான்விஹாங்கல் தானா அந்த ஊரு!! மேரி ஜோன்ஸ் ஊரு! எங்க சண்டே ஸ்கூல்ல இந்த கதைய எத்தன தடவ கேட்டிருக்கேன் தெரியுமா, நெசவுக்காரர் வீட்டு பொண்ணு, ஆறு வருஷம் காசு சேத்து, 1800ல பதினஞ்சு வயசுல, வெறுங்கால்ல பாலாங்கற ஊருக்கு இருபத்தஞ்சு மைல் நடந்து போயி வெல்ஷ் பைபிள் வாங்கினா. அது காரணமா 1804ல பைபிள் சொசைட்டி ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு அது ஏதோ கதைப்புத்தகத்து ஊருன்னுதான் நெனப்பு, மேப்ல பாத்தா கோட்டையத் தாண்டி ரெண்டு இன்ச்சுல இருக்கு! கோவன்ட்ரி அண்ணா, அவ வீட்டோட இடிஞ்ச சுவரும் ஒரு நினைவுக்கல்லும் ரோட்டோரமாவே இருக்காம், ப்ளீஸ் ஒரு போட்டோ எடுத்து போடுங்க, அம்மாவுக்கு அனுப்பணும்.

லீசெஸ்டர்_அக்கா:

அட ஆமா, அத பாத்துட்டுதான் வந்தோம், யாருன்னே தெரியாம முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருக்கேன் 😅

கோவன்ட்ரி தம்பி, சின்னவளுக்கு டால் அ லின் ரயில் கூட்டிட்டு போங்க, டவின்லயே ஏறலாம். சின்ன ஸ்டீம் இன்ஜின், 1865ல சிலேட் கல்லு சுரங்கத்துக்காக போட்ட லைன், மூட போறாங்கன்னு இருந்தப்ப 1951ல ஊர் ஊரா இருந்து ஆளுங்க சம்பளம் வாங்காம வந்து ஓட்ட ஆரம்பிச்சு இன்னைக்கும் அப்படித்தான் ஓடுது. கரித்தூள் கண்ணுல விழும், வெள்ளை சட்டை போடாதீங்க.

கோவன்ட்ரி_வாசி:

போயிட்டு வந்தாச்சு மக்களே, ரிப்போர்ட் லேட்டு, மன்னிக்கணும்.

மொத நாள் மழை, ரயில்லயே ஓட்டிட்டோம். ரெண்டாவது நாள் காலைல எட்டரைக்கெல்லாம் கோட்டை கார் பார்க்ல இருந்தோம், எங்க வண்டி மட்டும்தான். ட்ராக்டர் வந்துச்சு, ரிவர்ஸ் போனேன், கௌரவம் பாக்கல.

பையன் கையில நோட்டும் அளக்கற டேப்பும் குடுத்து விட்டேன். தெக்கு கோபுரத்துல ஆரம்பிச்சான், நான் சின்னவ கைய பிடிச்சுக்கிட்டு கிணறு இருக்கற முற்றத்துல உக்காந்திருந்தேன். அரை மணி நேரம் கழிச்சு ஓடி வர்றான், "அப்பா இந்த ரெண்டு சுவரும் ஒரே ஆள் கட்டுனது இல்ல"ன்னு. எப்படிடா தெரியும்னா, இந்த சுவரு அந்த கோபுரத்து மேல வந்து முட்டிக்கிட்டு நிக்குது, கல்லுக்குள்ள கல்லு பின்னலையேங்கறான். போய் பாத்தா நெஜமாவே எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது, சுண்ணாம்பு ஐயாவுக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன். வீட்டுக்காரி மொதல்ல சும்மா சுத்தி வந்தவ, இந்த அப்பன் மகன் தகராறு கதைய சொன்னதும் உக்காந்துட்டா. அப்புறம் அந்த டாவித்துக்கு என்னாச்சுன்னு கேட்டா. எனக்கு தெரியல, சிக்னலும் இல்ல, ஐயாதான் சொல்லணும்.

நீர்க்காகம் ரெண்டு பாத்தோம், இல்ல ஒண்ணையே ரெண்டு தடவ பாத்தோமோ என்னமோ. நாசரேத் தங்கச்சி, போட்டோ போட்டிருக்கேன், மழையில கொஞ்சம் மங்கல். ஹார்லெக் ப்ரோ, மூணாவது நாள் உங்க கோட்டைக்கும் போனோம், சூப்பர், மறுக்கவே முடியாது, ஆனா பையன் அங்க நோட்ட தொறக்கவே இல்ல.

பழைய_சுண்ணாம்பு:

பையனுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்க.

டாவித் கதைய வீட்டம்மாவுக்கு மட்டும் சொல்லுங்க, பசங்க தூங்கின பிறகு. 1283 அக்டோபர் 3ஆம் தேதி ஷ்ரூஸ்பரில, நீங்க வர்ற வழியில தாண்டி வந்தீங்களே அதே ஊருல, குதிரையில கட்டி தெருவுல இழுத்துட்டு போய் தூக்குல போட்டு, வயித்த கிழிச்சு, உடம்ப நாலா வெட்டுனாங்க. பொண்ணுங்கள கன்னி மடத்துல அடைச்சாச்சு. ரெண்டு பசங்க, சின்னப் பசங்க, பிரிஸ்டல் கோட்டையில சிறை. ஒருத்தன் 1287ல உள்ளயே செத்தான். இன்னொருத்தன் ஓவைன். அவன பிடிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆன பிறகு 1305ல எட்வர்ட் ஒரு உத்தரவு போட்டிருக்கான், ராத்திரியில இவன இரும்புப் பட்டை போட்ட மரக்கூண்டுக்குள்ள வெச்சு பூட்டுங்கன்னு.

கோவன்ட்ரி_வாசி:

சொன்னேன் ஐயா. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் பசங்க ரூம் கதவ போய் ஒரு தடவ பாத்துட்டு வந்து படுத்தா.

கடைசியா ஒரு உதவி. இந்த வாரம் யாராச்சும் அந்த பக்கம் போறதா இருந்தா, கீழ கேட்டுக்கு பக்கத்துல கல்லு மேல எங்க எலுமிச்சை சாத டப்பாவோட நீல மூடி இருக்கான்னு பாருங்க. எங்கம்மா ஊர்லேர்ந்து குடுத்து விட்ட செட்டு, வீட்டுல இன்னும் அத பத்திதான் பேச்சு.